ஆத்தாவின் புறங்கை

ஏழு வயதில் நான் ஒருமுறை ஆத்தாவின் உயிரைக் காப்பாற்றினேன். எனக்கு மூளை இருப்பதாக நானே நம்பிய கடைசி நாள் அது.

அய்யா நான் தவழும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு போட்டோகூடக் கிடையாது. முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், "கண்ணாடியில பாரு. கொஞ்சம் லட்சணத்தச் சேத்துக்க" என்பாள் ஆத்தா.

குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவள் ஏலக்காய் பறித்தாள். அங்கேயே காய் உலர்த்தும் ஸ்டோரில் மாமாவுக்குச் சோலி. சீமைக்குத் திரும்பிய துரை அவருக்கு ஒரு பெட்டிக் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம், எல்லாம் சதுரமாக விழும். பெட்டியை வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். மாமா தலை குனிந்து நான் பார்த்தது அப்போதுதான்.

தோட்டத்து நாய்க்கும் தன் புது மீசைக்குமாகப் பதினொன்றைத் தீர்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, கடைசி ஒண்ணு உனக்குத்தான். வெரசா வா, வெயிலு போயிரும்."

மர நிழலில் படம் விழாது என்று ஸ்டோர் முன்னால் வெயிலில் நிறுத்தினார். கூடப் பறிக்கும் அத்தை ஒருத்தி கூடையை இறக்கிவைத்துக் கத்தினாள்.

"ஏத்தா, போட்டோப் புடிச்சா ஆயுசு கொறையுமாம்ல! ஒத்தப் புள்ளைய வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இந்த ஆச?"

"கொறஞ்சா கொறையட்டும் மதினி. அப்பன் மூஞ்சிதான் இவனுக்குத் தெரியாது, என் மூஞ்சியாச்சும் இருக்கட்டும்."

பின்பாதி என் காதில் ஏறவில்லை. ஆயுசு குறையும் என்பது மட்டும் ஏறியது. இவளும் போய்விட்டால் எனக்குச் சோறு யார் போடுவது? என் பாசம் எப்போதும் வயிற்றிலிருந்துதான் கிளம்பும்.

மாமாவின் கட்டைவிரல் விசையில் அழுந்தும் நேரம் பார்த்து ஓடிப்போய், அவளுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். எடுக்கிற ஆயுசை என்னிடம் எடுத்துக்கொள்ளட்டும். என்னிடம் நிறைய இருந்தது, ஏழு வருஷம்தான் செலவாகியிருந்தது. என் உயரம் அவள் இடுப்பு மட்டும்தான் என்பது நினைவில் இல்லை.

"அய்யோ, அப்பு!" என்று ஆத்தா பாய்ந்து குனிந்தாள். பட்டென்று அவள் கை என் மூஞ்சியில் விழுந்தது. டிக்.

"கெடுத்தியே மாப்ளே!" மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் போடியில் கழுவிக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலச் சதுரத்தில் ஆத்தாவின் முகம் புகையாகக் கலைந்திருந்தது. என் மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் அவள் புறங்கை மட்டும், நகத்துக் கறை வரை தெளிவாக.

ஓவென்று அழுதேன். காப்பாற்ற வந்தவனைப் போட்டோ ஆசையில் தள்ளிவிட்டாளே! இரண்டு நாள் பேசவில்லை. சோறு மட்டும் வாங்கித் தின்றேன். அவள் படத்தைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆத்தா எண்பதைத் தாண்டி வாழ்ந்தாள். நானும் இன்னும் கிடக்கிறேன். அந்தப் பெட்டி யாரிடமும் ஒரு நாளைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் என் மூத்தவனை முதன்முதலாக ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போனபோது, விளக்கைப் போட்டதும் என் கை தானாகப் போய் அவன் முகத்தை மூடியது.

"கைய எடுங்கண்ணே, புள்ள மூஞ்சி தெரியல" என்றார் போட்டோக்காரர்.

எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரைக்கும் ஆத்தா என்னைத் தள்ளிவிட்டாள் என்றுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருந்தேன்.