வீட்டுக்குப் போன கல்

தண்ணீருக்கு முன்னால் காற்றுதான் வரும். தெருக்குழாய்க்குள் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு கரகரப்பு எழும்பி, ஈரத் துருவின் வாடை முகத்தில் அடித்து, அதற்கும் பிறகுதான் நூல்போலத் தண்ணீர் இறங்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் எழுதும் மாயக்கதைகளையும் வேற்றுலகக் கதைகளையும் படித்துவிட்டு, ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் எங்கிருந்து தோன்றுகிறது என்று சிலர் கேட்கிறார்கள். நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆகவே எழுதியே சொல்லிவிடுகிறேன்: எல்லாம் அந்தக் குழாயடியில், என் அக்கா செல்லத்திடமிருந்து வந்தது.

தண்ணீர் எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. நாள் முழுக்க நிற்க முடியாது என்பதால் வீட்டுக்கு ஒரு கல்லை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் தெருவில் முதல் பேச்சே "கல்லு போட்டாச்சா?" என்பதுதான். எங்களுடையது சுண்ணாம்புப் பொட்டு வைத்த கருங்கல். கல் என்பது அந்த வீட்டு ஆள். அதை யாரும் நகர்த்தக் கூடாது.

எல்லோரும் தினம் பார்த்த இந்த வழக்கத்தைப் பன்னிரண்டு வயது அக்கா மட்டும் வேறு விதமாகப் பார்த்தாள். "நமக்குப் பதிலா நின்னு நின்னு கல்லுக்கெல்லாம் நம்ம மூஞ்சி வந்துருது" என்று ஒருநாள் ஆரம்பித்தவள், தினம் ஒரு துண்டாக அதை வளர்த்தாள். எங்கள் தெரு மாரியம்மாவின் கல் பக்கத்துக் கல்லோடு சண்டை போட்டது. சைனம்பு அக்காவின் கல் பாக்கு மென்றது. பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

தங்கச்சி பிறந்த ஐந்தாம் நாள் அது. அப்பா தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போய்விட்டார். அக்கா அம்மாவைப் பார்த்துக்கொள்ள, கல்லுக்குக் காவல் நான். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நானோ, தெருமுனையில் தோல் வண்டிகளை வேடிக்கை பார்க்கப் போய்விட்டேன். திரும்பினால் எங்கள் கல்லைக் காணோம். யாரோ பாக்கு இடிக்க எடுத்துப் போனது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் குழாய் செருமத் தொடங்கிவிட்டது.

"கல்லு இல்லாதவுக கடைசிக்குப் போங்க" என்றார் மாரியம்மா. கடைசி ஆளுக்கு என்றைக்கும் தண்ணீர் கிடைத்ததில்லை. அழுதுகொண்டே ஓடி, அக்காவைக் கூட்டி வந்தேன்.

அக்கா காலி இடத்தைப் பார்த்தாள். குடத்தோடு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"உங்க கல்லு எங்கடி?" என்றார் மாரியம்மா.

"நின்னு நின்னு அலுத்துப்போய் எங்க வீட்டுக்குப் போயிருச்சு அத்தை. எங்கம்மா பக்கத்துல படுத்திருக்கு. இனிமே அதுதான் செல்லம். நான் கல்லு."

"ஏ புள்ள, வெளாடாத. எந்திரி."

அக்கா கண்ணைக்கூட இமைக்கவில்லை. மாரியம்மா அவள் தோளைப் பிடித்து இழுக்கப் போக, சைனம்பு அக்கா குறுக்கே கை நீட்டினார். "கல்ல நகத்தக் கூடாது மாரி. அம்புட்டு சட்டம் பேசுவியே!"

வரிசையே சிரித்தது. அடக்கப் பார்த்து முடியாமல் மாரியம்மாவும் சிரித்துவிட்டார். "கல்லுக்கு உள்ள கொழுப்பப் பாரு! குடத்த வையி."

நிறைந்த குடத்தை அக்கா இடுப்பில் ஏற்றியபோது பின்னாலிருந்து கேட்டார்கள்: "வீட்டுக்குப் போன கல்லு என்னடி ஆச்சு?"

"நாளைக்கு வாங்க, சொல்றேன்."

கையில் ஒன்றுமில்லாத நேரத்தில், அவர்கள் போட்ட சட்டத்தையே எடுத்து ஒரு கதையாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாளே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. நான் எழுதியது எதுவும் அதற்கு ஈடில்லை.

மறுநாள் வெட்கத்தால் நான் குழாயடிக்குப் போகவில்லை. அவள் கதையை முடித்ததை நான் கேட்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. வரிசை நின்ற இடத்தில் சைக்கிள் கடை. சின்னாளப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட அக்காவிடம் அந்த முடிவைக் கேட்டால், "என்னத்தையோ சொன்னேன் அப்பு, தண்ணி வந்துச்சு, விட்டுட்டேன்" என்கிறாள். நானே எழுதிப் பார்த்தேன். கல் வந்து அம்மா பக்கத்தில் படுக்கிறது, அதற்கு மேல் பேனா நகரவில்லை.

போன மாதம் சைனம்பு அக்காவைப் பார்த்தபோது கேட்டேன். வாயிலிருந்த பாக்கை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"வயிறு வலிக்கச் சிரிச்சோம் தம்பி. கடைசியில மாரி அழுதுருச்சு. எதுக்குன்னுதான் ஞாபகமில்ல."