கஞ்சக்காரியின் களிம்பு

என் அக்காவுக்கு அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் 'கஞ்சம்' என்று பெயர். காசு விஷயத்தில் இல்லை. அதில் அவளுக்கு ஓட்டைக் கை. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பச்சைக் குழந்தைகளின் வார்டிலிருந்து வரும் குப்பியில் தேவைக்கு மேல் ஒரு துளி இருந்தாலும் போனை எடுத்து நர்ஸைப் பிடிபிடி என்று பிடித்துவிடுவாள். "அந்தப் பிள்ளை உடம்புல இருக்கறதே ஒரு டம்ளர் ரத்தம். அதுல போய் தாராளம் காட்டறீங்களா?" என்பாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. யாராவது பரிதாபமாகப் பேச்செடுத்தால், "எனக்கா இல்ல? நாள் முழுக்கக் குப்பி குப்பியா வந்துட்டுத்தானே இருக்கு" என்று வாயை அடைத்துவிடுவாள். ஆனால் அந்தக் குழந்தைகளைப் போய்ப் பார்க்கவே மாட்டாள். முகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் வேலையில் கை நடுங்குமாம்.

என் மகன் பிறந்த மறுநாள், குடலில் அடைப்பு என்று அக்காவின் ஆஸ்பத்திரியிலேயே அவன் வயிற்றைத் திறந்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாளும் வாயில் மூச்சுக் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். குழாய் இருப்பதால் அழுதாலும் சத்தம் வராது. நான் இன்னும் அவனைத் தூக்கக்கூட இல்லை.

"வலிச்சா எப்படித் தெரியும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"வாய் சொல்லாது, ரத்தம் சொல்லும்மா" என்றார் டாக்டரம்மா. "கத்தி பட்டா இந்தச் சின்ன உடம்பும் பதறும். கார்டிசால்னு ஒரு ஹார்மோனைக் கொட்டும். அது அடங்கியிருந்தா இன்னைக்கே குழாயை எடுத்துட்டு உங்க மடியில தரேன். அடங்கலைன்னா வலி மருந்தைக் கூட்டணும். கூட்டினா தானா மூச்சு விடத் திணறுவான், குழாய் இருக்கணும்."

அன்று காலை அக்கா முதல்முறையாக வார்டுக்குள் வந்தாள். வாசலில் முழங்கை வரை சோப்புப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். வருஷக்கணக்காகக் கையுறை போட்டுப் போட்டு அவள் கைத்தோல் சிவந்து வெடித்திருக்கும். சோப்புப் பட்டால் எரியும். கழுவிய கையோடு பையிலிருந்த களிம்பை எடுத்துத் தடவிக்கொண்டாள். யோசித்துச் செய்வதில்லை, அப்படி ஊறிப்போன பழக்கம். பிறகு பெட்டியின் துவாரத்தில் கையை விட்டு அவன் குதிகாலை நீவிக்கொடுத்தாள்.

"பெரியம்மா வந்திருக்கேன்டா தங்கம்" என்றவளுக்குக் குரல் உடைந்தது.

"நீ வேலையைப் பார்க்கப் போ. என்னையும் அழ வைக்காத" என்று விரட்டினேன்.

அவள் போன சற்று நேரத்தில் நர்ஸ் வந்து அதே குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்துப் போனார். முடிவோடு திரும்பிய டாக்டரம்மாவின் முகம் சரியில்லை.

"எக்கச்சக்கமா இருக்கு. பார்க்க அமைதியாத்தான் தூங்கறான். ஆனா உள்ளுக்குள்ள கஷ்டப்படறான் போல. மருந்தைக் கூட்டிடலாம். மடி இன்னைக்கு இல்லம்மா."

என் பிள்ளை எனக்கே தெரியாமல் வலியில் துடிக்கிறானே, நான் என்ன தாய்!

அப்போதுதான் அக்கா ஓடி வந்தாள். ஒரு கையில் கையுறை இருந்தது, மறு கையில் இல்லை.

"டாக்டர், மருந்தைக் கூட்டாதீங்க. தப்பு என்னோடது."

பரிசோதனைக் கூடத்தில் கை அரித்ததும் கையுறையைக் கழற்றிக் களிம்பை எடுத்தவள், மூடியைத் திறந்தபடியே நின்றுவிட்டாளாம். "இதுல இருக்கறதும் அதே ஹார்மோன்தான். இதைத் தடவின கையாலதான் அவன் காலைத் தொட்டேன். குத்தின இடத்துல ரத்தத்தோட கலந்திருக்கும்."

டாக்டரம்மா அவளை முறைத்தார். பிறகு நீளமாக மூச்சு விட்டார். "அப்ப மறுபடியும் குத்தணும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். யார் யார் பிள்ளைக்காகவோ ஒரு துளிக்குச் சண்டை போட்டவள், சொந்தப் பிள்ளைக்கு இன்னொரு குத்து வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

"அடுத்த கால்ல எடுங்க. துளிதான், அதுக்கு மேல வேண்டாம்" என்றாள்.

நர்ஸ் குத்தினார். அவன் முகம் சுருங்கியது; வாய் திறந்தது; சத்தம் வரவில்லை. அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இத்தனை வருஷம் வந்த ஒவ்வொரு குப்பிக்கும் இப்படி ஒரு முகம் இருந்திருக்கும். அவள் அழுதாள். இந்த முறை நான் விரட்டவில்லை.

ஹார்மோன் அடங்கித்தான் இருந்தது. மதியம் குழாயை எடுத்தார்கள். முதலில் ஒரு கரகரப்பு, பிறகு வார்டே அதிரும்படி ஓர் அலறல். அப்படியே அவனை என் மடியில் வைத்தார்கள்.

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றாள். "இனி டெஸ்ட் இல்லக்கா, தொடு" என்றேன். களிம்பு இல்லாத, வெடித்த கையை மெல்ல நீட்டி அவன் பாதத்தைப் பிடித்தாள்.

நான் அவனைத் தட்டித் தட்டிச் சமாதானம் செய்யப் பார்த்தேன். அக்கா தடுத்தாள்.

"விடுடி. தாராளமா அழட்டும்."