முதல் வரியில் இருந்தவரின் வயது

யுத்த காலத்தில் மதுரையில் காகிதத்துக்குப் பெரும் பஞ்சம். பெட்டிக்கடைக்காரர் பொட்டலம் கட்டத் தாள் இல்லாமல் திணறினார். ஆனால் பம்பாயில் இருந்த எங்கள் தலைமை ஆபீஸ் மட்டும் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் நிழலாகத் தெரியும் மெல்லிய தாளில், இரு பக்கமும் அடித்து, சர்க்குலர் வந்துகொண்டே இருந்தது. காகிதத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்றும் ஒரு நீளமான சர்க்குலர் வந்தது. அதையும் ஃபைலில் சேர்த்தேன்.

நான் அப்போது அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மதுரைக் கிளையில் குமாஸ்தா. மேல மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஆபீஸ். தலைமை ஆபீஸ் இங்கிலீஷில் அனுப்புவதைத் தமிழாக்கி ஏஜண்டுகளுக்கு அனுப்புவது என் வேலை. ஏஜண்டுகள் அதைப் பாலிசி எடுத்தவர்களின் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னார்களா என்று கேட்டு இன்னொரு சர்க்குலர் வரும். சொன்னார்கள் என்று நான் பதில் எழுதுவேன்.

அந்தத் தாள்களில் ஒன்று உண்மையிலேயே ஜனங்களுக்குப் பயன்படக்கூடியது. புதிதாக வந்த சட்டத்தின்படி, பாலிசி எடுத்தவர் தமக்குப் பின் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று தம் கைப்பட எழுதிக் கொடுத்துவிடலாம். நியமனம் என்று அதற்குப் பெயர். கம்பெனி அதைப் பதிந்துகொண்டால் போதும். அதற்கு முன்பெல்லாம் ஒரு விதவை கோர்ட்டுக்குப் போய் வாரிசு சர்ட்டிபிகேட் வாங்கி வந்தால்தான் எங்கள் ஆபீஸ் பணப்பெட்டியைத் திறக்கும். அதற்குள் வக்கீலுக்கும் பங்காளிகளுக்கும் அவள் எத்தனை முறை நடந்தாள் என்பதை நாங்கள் கேட்பதில்லை. விதிகளில் அந்தக் கேள்வி இல்லை.

தமிழாக்க உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே முட்டிக்கொண்டேன். ‘பாலிசிதாரர் மரணமடைந்தால்’ என்று எழுதி மானேஜரிடம் காட்டினேன். வேண்டாம் என்றார். ‘காலமானால்’ என்று மாற்றினேன். அதுவும் வேண்டாம். கடைசியில் ‘எதிர்பாராதது ஏதேனும் நேரிட்டால்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

எங்கள் ஏஜண்டுகளில் ஒருவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பள்ளி நேரம் போக மற்ற நேரங்களில் சைக்கிளில் சுற்றிப் பாலிசி பிடிப்பார். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர், நேர்மையானவர், எப்போதும் கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. அவர் என் தமிழைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணே, எதிர்பாராததுன்னா கெணறு வெட்டையில பொதையல் கெடைக்கிறதும் எதிர்பாராததுதான். இத எடுத்துட்டுப் போனா, அப்ப எனக்கு என்ன தருவீகன்னு கேப்பாக.”

“சாவு என்று எழுதட்டுமா?”

“எழுதிருங்க. நான் அந்தத் தாளக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்குற அடிய நீங்க வந்து வாங்கிக்கங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மதுரையில் இன்ஷூரன்ஸ் என்பது மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்கும் பணம். பாலிசி விற்கும்போது சாவு என்ற சொல்லை எந்த ஏஜண்டும் வாயில் எடுக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை போக மாட்டார். ஆடி மாதம் போக மாட்டார். விளக்கு வைத்த பிறகு பேச மாட்டார். வீட்டுக்காரம்மா கூடத்தில் இருந்தால் பருத்தி விலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவார். இவ்வளவும் போக மிஞ்சிய நேரத்தில்தான் அந்தச் சர்க்குலர் ஊருக்குள் போனது.

வாத்தியாரின் வாடிக்கையாளர்களில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்காரர் இருந்தார். கடை கோயிலுக்கு அருகே, வீடு கோச்சடையில். அண்ணனும் தம்பியுமாக ஒரே கடை, ஒரே வீடு, ஒரே அடுப்பு. இவர் தம்பி. குழந்தை இல்லை. அண்ணனுக்கு மூன்று மகன்கள், மூவரும் கடையிலேயே இருந்தார்கள். தம்பிக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் மனைவியின் நிலை என்ன என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் பேரில் இருந்த பாலிசி ஒன்றுதான் கடைக் கணக்கில் சேராத சொத்து. ஆகவே வாத்தியார் முதல் வேலையாக அவரிடம் நியமனத் தாளைக் கொடுத்து, பூர்த்தி செய்து வாங்கி வந்தார். நியமனத் தாள்கள் என் மேசைக்கு வராமல் மானேஜர் மூலம் நேராகப் பம்பாய்க்குப் போயின. அப்படிச் செய்யச் சொல்லி ஒரு சர்க்குலர் இருந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு பதில் வந்தது. நியமனம் பெறுகிறவர்கள் இருவர் என்று தெரிகிறது. இரண்டாமவர் பாலிசிதாரரின் மனைவி, சரி. முதலாமவரின் வயது, உறவு முறை ஆகிய கட்டங்கள் காலியாக உள்ளன. உடனே தெரிவிக்கவும். முதலாமவர் மைனர் எனில் கார்டியன் பெயரையும் தெரிவிக்கவும்.

கூடவே வந்த தாளைப் பார்த்தேன். முதல் வரியில் இருந்தது கடைக்காரரின் குலதெய்வத்தின் பெயர். சமயநல்லூருக்கு அப்பால் ஒரு கண்மாய்க் கரையில் அரிவாளோடு நிற்கிற சாமி. எங்கள் பக்கத்தில் பாதி ஆண்களுக்கு அந்தப் பெயர்தான். பம்பாய்க்காரர்களைக் குறை சொல்ல வழியில்லை.

வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அவுக எதுல எழுதுனாலும் மொதல்ல தாளோட தலைமாட்டுல சாமி பேரத்தான் எழுதுவாக, அண்ணே. கடைக் கணக்குச் சிட்டையிலகூட அப்படித்தான். நம்ம தாள்ல மேல எங்க எடம் இருக்கு? கம்பெனி முத்திரைச் சிங்கம் பூராத்தையும் அடைச்சுக்கிட்டு நிக்கிது. அதான் மொத வரியில எழுதிட்டாரு.”

“நீங்கள் பார்க்கவில்லையா?”

“பாத்தேன். நான் வேதக்காரன். அவுக சாமி பேர நான் எப்படி அடிக்கச் சொல்றது? நாளைக்கே, பாலிசி பிடிக்க வந்தவன் மதம் மாத்தப் பாக்குறான்னு கடைத்தெரு பூரா பேசுவாக.”

திருத்தம் செய்யும் முறை எனக்கு மனப்பாடம்: தவறான வரியைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் பாலிசிதாரர் சுருக்கொப்பம் இட வேண்டும். அந்த வாரமே போய் வாங்கி வரும்படி வாத்தியாரிடம் சொன்னேன். அவர் மறுநாளே ஓடி வந்தார். கடைக்காரர் டைபாய்டில் படுத்திருந்தார். டாக்டர் கையை விரிக்கவில்லை, ஆனால் நம்பிக்கையாகவும் ஒன்றும் சொல்லவில்லை.

இருவருமாகக் கோச்சடைக்குப் போனோம். பெட்ரோல் தட்டுப்பாடு. கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடும் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதியை வைகைக் கரையோரமாக நடந்தோம். நடக்கும்போது சட்டத்தை யோசித்தேன். இந்த மனிதர் இப்படியே போய்விட்டால் நியமனம் இருவர் பேரில் இருக்கும். இருவர் பேரில் இருந்தால் ரசீதில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதிக்கு விலக்கு கிடையாது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கூடத்துக் கட்டிலில் கிடந்தார். கழுத்தெலும்பு மட்டும் தூக்கலாகத் தெரிந்தது. அண்ணன் கடையில் இருந்தார். மனைவி எங்களைக் கண்டதும் உள்ளறைக்குள் போய்விட்டார்.

“வாங்க வாத்தியாரே. ஆபீஸ் அய்யாவையும் கூட்டியாந்துட்டீகளா? எம்புட்டு தூரத்துக்கு ஆயிருச்சு என் நெலம!”

“அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. பம்பாயில ஒரு சந்தேகம் கேட்டிருக்காக.”

என்ன சந்தேகம் என்று வாத்தியார் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது. முதல் வரியில் இருப்பவருக்கு வயதும் உறவும் கேட்கிறார்கள் என்று நானே சொன்னேன். கடைக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு கட்டில் ஆடும்படி சிரித்தார்.

“சாமிக்கு வயசா? எங்க பாட்டன் பூட்டனுக்கெல்லாம் மூத்தவருன்னு எழுதுங்க. உறவுக்கு அப்பன்னு போடுங்க.”

“மைனரா என்றும் கேட்டிருக்கிறார்கள்.”

“கண்மாக்கரையில வந்து ஒரு நா நின்னு பாக்கச் சொல்லுங்க. மைனரா மேஜரான்னு அவரே சொல்லுவாரு.”

வாத்தியாரும் சிரித்தார். நான் தாளை நீட்டி, அந்த வரியைக் கோடு போட்டு அடிக்க வேண்டும் என்றேன். சிரிப்பு அங்கேயே நின்றது.

“அடிக்கணுமா? பொழைப்பனா மாட்டனான்னு கெடக்கேன். இந்த நேரத்துல சாமி பேர எங்கையாலயே அடிக்கச் சொல்றீகளா?”

“வேற தாள்ல மதினி பேர மட்டும் எழுதிருவோம்ண்ணே” என்றார் வாத்தியார்.

“அப்பயும் சாமிய விட்டுட்டதாத்தான ஆகும்? போட்ட பேர எடுக்கக்கூடாது வாத்தியாரே. ஒங்களுக்கு இது தெரியாது.”

“தெரியாதுன்னுதான் அன்னைக்கே நான் வாயத் தொறக்கல.”

எனக்குத் தெரிந்த விதிகள் எல்லாம் அத்துடன் தீர்ந்துபோயின. மறுபடி வருகிறோம் என்று எழுந்துகொள்ளப் போனேன்.

“நான் ஒரு வார்த்த சொல்லலாமா?” என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“நீ உள்ள போ” என்றார் கடைக்காரர்.

“உள்ளதான் இருக்கேன். இங்கன இருந்தே சொல்றேன். நாளைக்கு நான் தாலியறுத்துட்டு நிக்கையில, பணம் வாங்க அந்த ஆபீசுக்கு யாரக் கூட்டிட்டுப் போவேன்? சாமி வருமா? சாமி பங்குக்கு ஒங்க அண்ணன் வருவாரு. கோயில் சாவி யார்கிட்ட இருக்கு? அவருகிட்டதான?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோயில் நிர்வாகம் அண்ணனிடம் இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. நானும் மானேஜரும் வாத்தியாரும் மாதக்கணக்கில் சுற்றி வளைத்து ஒளித்து வைத்த விஷயத்தை, அது யாருக்கு நேரப்போகிறதோ அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

“அடியே, வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?”

“வெளக்கு வச்சா பேசக்கூடாது, செவ்வாக்கெழம பேசக்கூடாது, ஆடியில பேசக்கூடாது. பெறகு எப்பத்தான் பேசுறது? நீங்க நல்லா எந்திரிச்சு நூறு வருசம் இருங்க. நானா வேண்டாங்கேன்? கடைச் சிட்டையில சாமி பேர எங்கன எழுதுறீக? கணக்குக்குள்ளயா, கணக்குக்கு மேலயா?”

“மேல.”

“அப்ப இதுலயும் மேல எழுதுங்க. கட்டத்துக்குள்ள கொண்டாந்து ஒக்கார வச்சா, பம்பாய்க்காரன் வயசு கேக்கத்தான் செய்வான்.”

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“அப்படி எழுதலாமாய்யா?”

எழுதலாம் என்றேன். அச்சடித்த தாள் வசதிக்குத்தான். வெறும் தாளில் அதே வாசகத்தை எழுதினாலும் செல்லும். புதிய நியமனம் வந்துவிட்டால் பழையது தானாகவே ரத்து, அதில் எதையும் அடிக்க வேண்டியதில்லை. இதெல்லாம் அந்தச் சர்க்குலரிலேயே பின்பக்கத்தில் இருந்தது. அச்சுத் தாள் இல்லாமல் எழுதச் சம்மதிக்கும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை, அதனால் அந்தப் பகுதி நினைவுக்கு வரவில்லை.

என் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே நாலு விரல் இடம் விட்டு வாசகத்தை எழுதினேன். வாத்தியார் அவரை முதுகில் தாங்கி உட்கார வைத்தார். கடைக்காரர் தாளின் உச்சியில் சாமி பேரை எழுதி, ‘துணை’ என்று முடித்தார். கீழே மனைவியின் பேரையும் வயதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாத்தியார் சாட்சி. உள்ளறைக் கதவு பாதி திறந்தே இருந்தது. யாரும் அதைச் சாத்தச் சொல்லவில்லை.

பதிந்துகொண்டதாகப் பம்பாயிலிருந்து ஒரு வரி வந்தது. கடைக்காரர் பிழைத்து எழுந்தார். கடையில் உட்கார்ந்து, சாமிக்கு மைனர் சர்ட்டிபிகேட் கேட்ட கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். “எங்க வாத்தியாரு, சாமிக்கும் ஒரு பாலிசி எடுக்கச் சொல்லுவாரு போல” என்பார். மறுவருஷம் ஒரு நாள் முற்பகலில், ஒரு குடத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

கருமாதி முடிந்ததும் அண்ணன் ஆபீசுக்கு வந்தார். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு.

“சாமிக்கும் ஒரு பங்கு எழுதியிருக்கேன்னு தம்பி கடையில சொல்லிக்கிட்டே இருப்பான். அதக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

நியமனத் தாளின் நகலைக் காட்டினேன். என் கையால் எழுதிய நகல். தாளின் உச்சியில் இருந்ததையும் விடாமல் எழுதியிருந்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

“மேலதான் இருக்கா?”

“மேலேதான்.”

“கீழ ஒண்ணும் இல்லையா?”

“கீழே உங்கள் தம்பி மனைவி மட்டும்.”

அவர் செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, மேசைமேல் இருந்த அந்தப் பேரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். கோர்ட்டுக்குப் போகவில்லை.

பணம் தருவதற்கு முன் பம்பாய் ஒரு கேள்வி கேட்டது. நியமனத் தாளின் தலைப்பகுதியில் ஏதோ எழுதப்பட்டுள்ளது. இது பாத்தியதையை எவ்விதத்திலேனும் பாதிக்குமா? இது இவ்வூர் வழக்கம், பாதிக்காது என்று பதில் எழுதினேன். அண்ணன் போட்ட கும்பிட்டைப் பற்றி அதில் குறிப்பிடவில்லை.

அந்த அம்மாள் ரசீதில் கையெழுத்துப் போட வாத்தியாருடன் வந்தார். வண்டியூர் தெப்பக்குளத்தின் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்திருப்பதாகவும், இனித் தனி அடுப்பு என்றும் வாத்தியார் சொன்னார். ரசீதிலும் வழக்கம் போல மேலே சிங்கம் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஸ்டாம்பு ஒட்டிய இடத்தைக் காட்டினேன். அவர் பேனாவை வாங்கி, தாளை மேலும் கீழும் பார்த்தார்.

“மேல எழுதிக்கிறலாமா?”

“எழுதுங்கள்.”

சிங்கத்தின் பிடரிக்கு மேல் ஒரு நூல் அகலம் இருந்தது. அதில் நெருக்கி நெருக்கிச் சாமி பேரை எழுதிவிட்டு, கீழே வந்து ஸ்டாம்பின் குறுக்கே தம் பேரை எழுதினார். மிஷன் பள்ளியில் படித்த குண்டு எழுத்து. அப்படியே உறையில் போட்டுப் பம்பாய்க்கு அனுப்பினேன். அதைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.