குளியலறையில் துளிர்த்த பெரணி

பிழைக்க வந்த ஊரில், ஹெப்பாள் தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றி மாற்றி வேலை பார்த்துச் சலித்திருந்த தொண்ணூறுகள் அவை. ஒருமுறை சொந்த ஊரான மேட்டூரிலிருந்து திரும்பும்போது பாலாறு சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. ஈரப் பாறையிடுக்கில் ஒரு பெரணிச் செடி: தலைமுடிபோல் கறுத்த தண்டு, மூச்சுபட்டாலே நடுங்கும் இலைகள். நாங்கள் குடியிருந்த மண்டி மொஹல்லா பகுதியின் ஜன்னலில்லாத வாடகை அறையில் மூச்சுமுட்டுகிறது, ஊருக்கே போய்விடலாம் என்று தினமும் கேட்கும் மனைவிக்காக அதை ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

வாசலில் வைத்து வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினேன். இலையில் நீர் ஒட்டவே இல்லை, உருண்டோடியது. வறண்ட காற்றில் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது. மனைவி அதை எடுத்துப்போய்ப் பொதுக் குளியலறை மூலையில் வைத்தாள்.

சில வாரங்கள் கழித்து, காலை வரிசையில் முதலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் உள்ளிருந்து கத்தினார்.

"யாருப்பா பாத்ரூம்ல காடு வளக்கறது? நாளைக்கு ஆனையும் வருமா?"

வெந்நீர் ஆவியில் புதுத் தளிர்கள் நிமிர்ந்திருந்தன.

"பாத்தியா, அதுவே இங்க ஒட்டிக்கிச்சு" என்றேன் மனைவியிடம்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அதுக்கேத்த எடத்த நான் பாத்து வெச்சனுங்க. எனக்கு நீங்க பாத்தீங்களா?"

சேலை, பூ, ஞாயிற்றுக்கிழமை சினிமா என்று அவளுக்கும் நான் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிறு நாங்கள் சினிமாவுக்குப் போகவில்லை. ஜன்னல் உள்ள ஒரு வீட்டைத் தேடி, கால் ஓயும்வரை சேர்ந்து நடந்தோம்.