ரெண்டு சீட்டு வண்டிக்கு நான் எழுதிய ரிப்போர்ட்

1. பார்க்கப் போன நாள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பத்தோரு வருஷம் வண்டி சர்வேயராக இருந்தேன். அடிபட்ட வண்டிக்கு எவ்வளவு சேதம், பழைய வண்டியை வாங்கலாமா கூடாதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு டார்ச், ஒரு கைக்கண்ணாடி, ஒரு காந்தம், வண்டிக்கு அடியில் படுக்க ஓர் அட்டை. ஆபீஸ் என்று சொன்னால் இந்த நாலும்தான். பழைய வண்டி பார்க்கக் கூப்பிட்டவர்களிடம் பெரும்பாலும் "வேண்டாம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். புரோக்கர்கள் எனக்கு "வேண்டாம் சார்" என்று பேர் வைத்திருந்ததும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், தப்பாக எழுதிய ரிப்போர்ட் ஏதாவது உண்டா சார் என்று கேட்பார்கள். ஒன்று உண்டு. தவறிப்போய் எழுதியது இல்லை, தெரிந்தே எழுதியது.

நான் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தபோது என் மனைவி மலருடைய தம்பி இளங்கோவிடமிருந்து போன் வந்தது. இளங்கோ சிதம்பரத்தில் நாற்காலி, பந்தல் வாடகைக்கு விடுகிறவன். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. மனைவி, ரெண்டு பிள்ளைகள். தேவனாம்பட்டினத்தில் ஒரு டாக்டரிடம் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு வந்திருக்கிறது, நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்றான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஜப்பானிலிருந்து வந்த வண்டி. கூரை துணி, மடக்கித் திறந்துகொள்ளலாம். சீட்டு ரெண்டே ரெண்டு.

வீட்டில் நாலு பேர், சீட்டு ரெண்டு, மீதி ரெண்டு பேரை எங்கே வைப்பாய் என்று கேட்டேன்.

"மாமா, பதினெட்டு வயசுலேருந்து நான் ஓட்டுனது எல்லாமே லோடு வண்டி. நாற்காலி, கீத்து, அண்டா. வாழ்க்கையில ஒரு வண்டியாவது எதையும் ஏத்த முடியாத வண்டியா இருக்கணும் மாமா" என்றான்.

போனை வைத்துவிட்டு மலரிடம் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள், உங்களுக்குப் பழக்கமான வேலைதானே என்றாள். அதற்குள் இளங்கோ மறுபடி கூப்பிட்டு, வாயால் சொன்னால் போதாது, லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும், அவன் மனைவி சுமதியிடம் காட்ட வேண்டும் என்றான்.

டாக்டர் ஓய்வு பெற்ற கண் டாக்டர். வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம், அதாவது உப்புக் காற்று, அதாவது துரு. அங்கேயே எனக்குப் பாதி ரிப்போர்ட் மனதில் தயாராகிவிட்டது. ஷெட்டைத் திறந்து வண்டியைக் காட்டினார். ஹெட்லைட் ரெண்டும் பானெட்டுக்குள் மறைந்திருந்து, சுவிட்சைப் போட்டால் எழுந்து வரும் மாதிரி. சுவிட்சைப் போட்டார். வலதுபக்கம் மட்டும் எழுந்தது. இடதுபக்கம் பாதி எழுந்து, யோசித்து, மறுபடி படுத்துக்கொண்டது.

"எத்தனையோ பேருக்குக் கண்ணு தொறந்து வச்சிருக்கேன். இதுக்கு மட்டும் முடியல" என்றார் டாக்டர்.

அட்டையை விரித்து அடியில் படுத்தேன். இடதுபக்க ஸில், அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகடு, அதில் காந்தத்தை வைத்தேன். நிற்காமல் கீழே விழுந்தது. உள்ளே தகடு துருப்பிடித்துப் போய், மேலே வெறும் பட்டிப் பசையைப் பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எஞ்சினை ஓடவிட்டு நின்றேன். சூடு ஏறியும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. வண்டி வேகமாக ஓடும்போது காற்று இதைக் காப்பாற்றும், மெதுவாக ஊர்ந்தால் கொதிக்கும். கூரையை இழுத்து மூடினேன். கொக்கி மாட்டவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். வேண்டாம் என்ற வார்த்தையை எழுதப் பேனாவை வைக்கும்போது டாக்டர் சாவியை நீட்டினார். ஓட்டாமல் எப்படி எழுதுவீங்க என்றார்.

ஓட்டினேன்.

பைபாஸைத் தாண்டி சிதம்பரம் ரோடு ஏறும்வரை சர்வேயராகத்தான் இருந்தேன். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஆலப்பாக்கத்துக்கு முன்னால் நேரான ரோட்டில் மூணாவது கியர் போட்டு மிதித்தேன். அப்புறம் எதையும் குறிக்கவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் போகும் லாரியின் சக்கர நட்டு என் காதுக்கு நேராகச் சுற்றுகிறது, தலைக்கு மேல் வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அத்தனை வயதிலும் வளைவு வரட்டும் என்று காத்திருந்து ஓட்டியது அன்றைக்குத்தான்.

புதுச்சத்திரம் போய்த்தான் திரும்பினேன். டாக்டர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் வருவீங்கன்னு நெனச்சேன் என்றார். பிரேக்கை நன்றாகச் சோதிக்க வேண்டியிருந்தது என்றேன்.

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட் எழுதினேன். எஞ்சின் நல்ல நிலை, கியர் பாக்ஸ் நல்ல நிலை, ஹெட்லைட் ஒன்று ரிப்பேர், வாங்கலாம். அவ்வளவுதான். ஸில், ஃபேன், கொக்கி மூன்றையும் விட்டுவிட்டேன். சின்னக் குறைகள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதையே வேறு ஒரு சர்வேயர் செய்திருந்தால் அவனோடு பேச்சை நிறுத்தியிருப்பேன்.

மலர் படித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, வாங்கலாம்னு எழுதியிருக்கீங்க" என்றாள். எஞ்சின் நல்லா இருக்கு என்றேன். ரிப்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

2. வைத்திருந்த பாடு

வண்டி சிதம்பரம் போன முதல் வாரமே, இளங்கோ கூரையை மூடினால் அவன் தலை துணியில் இடிக்கிறது என்று தெரிந்தது. திறந்தே ஓட்டினான். கண்ணில் தூசி விழுந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டான். ஒரு நாள் போலீஸ்காரர் நிறுத்தி, காருக்குள் எதற்கு ஹெல்மெட் என்று கேட்டாராம். இவன் விளக்கம் சொல்லி முடித்ததும், அதே ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பினாராம்.

சுமதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு வளைகாப்புக்கு அதில் போனாள். உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. சீட்டு அவ்வளவு பள்ளம். வாசலில் நின்ற ரெண்டு பெண்கள் ஆளுக்கொரு கை கொடுத்துக் கிணற்றிலிருந்து தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். வளைகாப்புப் பெண்ணுக்கே அவ்வளவு கைத்தாங்கல் கிடைக்கவில்லை என்று மலரிடம் போனில் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தாள்.

பெரிய எதிரி ஸ்பீடு பிரேக்கர்தான். நேராக ஏறினால் அடி தட்டும். அதனால் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்கு ஏற்ற வேண்டும். ஊரில் எந்த பிரேக்கர் எந்தப் பக்கம் தாழ்வு என்று இளங்கோவுக்கு மனப்பாடம். ஒரு பள்ளிக்கூட வாசலில் புதிதாகப் போட்டது தெரியாமல் ஏறிவிட்டான். வண்டி நடுவில் தட்டி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் உட்கார்ந்துகொண்டது. டீக்கடையில் நின்றவர்கள் வந்து தூக்கி இறக்கினார்கள். அப்போதுதான் இடதுபக்க ஸில்லில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் போன் பண்ணினான்.

"மாமா, ரிப்போர்ட்ல இது இல்லையே."

"பழைய வண்டி மச்சான். அதெல்லாம் வரும்" என்றேன். நாக்கு கூசியது.

ஸில்லுக்கு வெல்டிங் வைத்தோம். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். செக் பண்ணப் போகிறேன் என்று பேர். கிள்ளை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்தால்தான் செக் முடியும். முப்பது வருஷமாகத் தம்பி வீட்டுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்ற மனுஷன் இவர் என்று மலர் எல்லாரிடமும் சொன்னாள்.

3. மாப்பிள்ளை அழைப்பு

ஆவணி மாதம். கம்மாபுரம் பக்கத்து ரைஸ்மில் முதலாளி ஒருவர் மகள் கல்யாணத்தைச் சிதம்பரத்தில் வைத்தார். பந்தல், நாற்காலி எல்லாம் இளங்கோ. அவனுடைய வாடிக்கைக்காரர்களில் பெரிய கை அவர்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு உன் சிவப்பு வண்டியைக் கொண்டு வா என்று அவர் சொல்லிவிட்டார். இவனும் தலையாட்டிவிட்டான்.

மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் நாலு வீதி. ஃபேன் சுற்றாத வண்டி. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ரிப்போர்ட் பொய் என்று ஆகிவிடும். நானே ஓட்டுகிறேன் மச்சான், நீ பந்தலைப் பார் என்று சொல்லிவிட்டு ரேடியேட்டரில் ஊற்ற ரெண்டு பாட்டில் கூலன்டோடு போனேன்.

சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியது. மாப்பிள்ளை கோட்டு சூட்டு, கழுத்தில் ரோஜா மாலை. முதல் வீதி தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் முக்கால் ஏறிவிட்டது. இதற்குத் தொழிலில் ஒரு வழி உண்டு. உள்ளே இருக்கும் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் அதன் வழியாக வெளியே போகும். திறந்துவிட்டேன். வெளியே போகிற சூடு முழுவதும் மாப்பிள்ளையின் மேல் போனது.

கொஞ்ச தூரம் பொறுத்துக்கொண்டார். பிறகு, "சார், ஏசி சூடா வருது" என்றார்.

"இந்த மாடல்ல அப்படித்தான் தம்பி. கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க, வீடியோ எடுக்கறாங்க."

சந்தனம் கரைந்து காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. இது போதாதென்று இடதுபக்க ஹெட்லைட், ரிப்பேர் பண்ணியதுதான், சூட்டில் என்ன ஆனதோ, எழுவதும் படுப்பதுமாக இருந்தது. எதிரில் ஆரத்தித் தட்டோடு நடந்துவந்த பெண் வீட்டு அம்மாக்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே வந்தோம். அப்போது தூறல் விழுந்தது. கூரையை இழுத்தேன். கொக்கி மாட்டவில்லை. கையை விட்டால் துணி பின்னால் போகிறது. இளங்கோ ஓடிவந்து, தன் ஆட்களிடம் ஒரு பந்தல் துணியைக் கொடுத்து நாலு மூலையிலும் பிடிக்கச் சொன்னான்.

கீழவீதி திரும்பும்போது பானெட்டிலிருந்து ஆவி வந்தது. எஞ்சினை அணைத்தேன். இளங்கோ ஜன்னலில் குனிந்து பார்த்தான். ஆறு ஆட்களைப் பின்னால் வந்து தள்ளச் சொன்னான். எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். மேளம் முன்னால், ஆவி நடுவில், துணி மேலே, ஆட்கள் பின்னால். வேகம் மட்டும் மாறவில்லை, முன்பும் அதே நடை வேகம்தான். ஹீட்டர் நின்றதில் மாப்பிள்ளைதான் முதல் தடவையாக நிஜமாகச் சிரித்தார்.

மண்டப வாசலில் ரைஸ்மில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். இளங்கோவின் இத்தனை வருஷத்து வாடிக்கை என்னால் போனது என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். இளங்கோவின் தோளில் கை வைத்தார்.

"சத்தமே இல்லாம, ஆளு வச்சுத் தள்ளி, மேல பந்தல் புடிச்சு, முன்னாடி சாம்பிராணி போட்டுக் கொண்டாந்தீங்க பாரு. சாமி புறப்பாடு மாதிரி இருந்துச்சுப்பா. சின்னவ கல்யாணத்துக்கும் இதே மாதிரி எஞ்சின் போடாம கொண்டாந்துடு."

4. மறுநாள் காலை

பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இளங்கோ நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் நின்று அடுக்கினேன். அடுக்கிக்கொண்டே சொன்னேன். ஸில், ஃபேன், கொக்கி மூன்றும் அன்றைக்கே எனக்குத் தெரியும், நோட்டில் எழுதியதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் நான் யாரிடமும் இப்படித் தலை குனிந்து நின்றதில்லை.

"தெரியும் மாமா" என்றான்.

வண்டியைக் காட்டிய முதல் நாளே டாக்டர் அந்த மூன்றையும் அவனிடம் சொல்லிவிட்டாராம். ஸில் துண்டோடு எனக்குப் போன் பண்ணியது நானாகச் சொல்கிறேனா என்று பார்க்கவாம், ஊர்வலத்துக்குத் தலையாட்டியது பெரிய கையிடம் மறுக்க முடியாமலாம். வாங்குவதற்கு முன் அவனும் வேண்டாம் என்றுதான் பாதி முடிவில் இருந்திருக்கிறான்.

"அப்புறம் ஏன்டா வாங்குன?"

"உங்க ரிப்போர்ட்ட பார்த்துதான். ஊர்ல ஒரு வண்டியயும் நல்லா இருக்குன்னு சொல்லாத ஆளு நீங்க. நீங்களே மூணு கொறைய மறைக்கிறீங்கன்னா, அதுல என்னமோ இருக்குன்னு தோணுச்சு." இன்னொரு நாற்காலியை அடுக்கினான். "இருக்குதானே மாமா?"

இருக்கிறது என்றேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வண்டியை ஓட்டிப் பாருங்கள், ஆனால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு ஓட்டுங்கள். அடியில் படுத்துப் பார்த்தவனும் ஸ்டீயரிங் பிடித்தவனும் ஒரே ஆள் இல்லை. முதல் ஆள் எழுதட்டும். ரெண்டாவது ஆள் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், மச்சான் மாதிரி ஒருத்தன் வாசிக்கக் கிடைக்க வேண்டும். எல்லாருக்கும் கிடைக்க மாட்டான்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் அந்த வண்டிக்குப் புதிதாக ஒரு ரிப்போர்ட் எழுதினேன். எல்லாக் குறையும், போட்டோவோடு, எட்டுப் பக்கம். இளங்கோ முதல் பக்கத்தைப் படித்தான். பிறகு எட்டையும் சேர்த்து நாலாக மடித்து, கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த இடதுபக்கக் கதவுக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் செருகினான். கிள்ளை வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். சத்தம் நின்றுவிட்டது. நான் எழுதிய ரிப்போர்ட்களில் ஒரு வண்டியின் குறையைச் சரி செய்தது அது ஒன்றுதான்.