எனக்கு நானே அனுப்பிய கடிதங்கள்

அந்த நாட்களில் ஆபீஸில் இன்டர்நெட் இருந்தது, படிக்க நேரமில்லை. தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர் வீட்டில் நேரம் இருந்தது, இன்டர்நெட் இல்லை. ஆகவே கண்ணில் பட்ட கட்டுரைகளின் இணைப்பையெல்லாம் ஆபீஸ் முகவரியிலிருந்து என் சொந்த முகவரிக்கு மெயில் அனுப்பிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டருக்குப் போய் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூங்கினேன். எப்போதாவது போய் உட்கார்ந்தால், பழைய இணைப்புகளில் பாதி செத்துப்போயிருக்கும். அதனால் முன்ஜாக்கிரதையாக முழுப் பக்கத்தையும் படங்களோடு சேர்த்து அனுப்பத் தொடங்கினேன். ஏரி மதகுகள், எறும்புகளின் வழித்தடம், ஐஸ்லாந்தில் ரொட்டி சுடும் முறை. ஐஸ்லாந்து ரொட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் தாம்பரத்தில் ஒருவன் எப்படிக் காலம் தள்ளுவது? அனுப்பிவிட்டாலே பாதி படித்த மாதிரி ஒரு திருப்தி. மீதிப் பாதிக்கு நான் அவசரப்படவில்லை.

என் மனைவி கேளம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வண்டலூர் போய், அங்கே பஸ் மாறுவாள். இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். நின்றுகொண்டே போய், வகுப்பில் நின்று, நின்றுகொண்டே திரும்புவாள். சாயந்திரம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் ராத்திரி வரை காலில் இருக்கும்.

அந்த வருஷம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி புதிதாகத் திறந்தார்கள். கணக்கு டீச்சர் தேவை என்று போர்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த அன்று அவள் பேசிய குரலை நான் ரொம்ப நாளாகக் கேட்டிருக்கவில்லை. விண்ணப்பத்தில் மெயில் முகவரி கேட்டிருந்தது. அவளுக்கு மெயில் கிடையாது.

"என்னோடதைப் போடு. நான் தினமும் பாக்கற ஆள்" என்றேன்.

நான் தினமும் அனுப்புகிற ஆள். பார்க்கிற ஆள் இல்லை. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆபீஸில் ஒரு வினோதம். நான் அனுப்பியதெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது, அனுப்ப இயலவில்லை என்று ஒரு குறிப்பு. ஏதோ சர்வர் கோளாறு என்று முடிவுகட்டி, ஒவ்வொன்றையும் மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது. பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பி, அது திரும்பி வந்து பழகியவன் நான். சாப்பிடும்போது இதை ஒரு ஜோக்காக மனைவியிடம் சொன்னேன்.

"நான் அனுப்பறதை நானே வாங்க மாட்டேங்கறேன். பத்திரிகைக்காரங்களைச் சொல்லிக் குத்தமில்லை."

அவள் சிரிக்கவில்லை. "வேற யாராவது அனுப்பினா வருமா?"

"எனக்கு வேற யாரு அனுப்பப் போறா?"

அவள் மோர் ஊற்றிக்கொண்டாள். எங்கள் இருவருக்குமே அந்த விண்ணப்பம் அந்த நிமிஷம் ஞாபகத்தில் இல்லை. அவள் களைப்பில் மறந்தாள். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

மேலும் இரண்டு வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை அந்தப் புதுப் பள்ளிக்குப் போய் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று அவள் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். உள்ளே போகத் தயங்கிக் கேட் அருகே நின்ற என்னை வாட்ச்மேன் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், அந்தம்மா உள்ள பூட்ச்சு, நீ இங்கியே நின்னுகினு கீற? போ சார், கடிக்க மாட்டாங்க."

ஆபீஸ் அறையில் இருந்த அம்மாள் ஒரு ஃபைலைப் புரட்டி, ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இன்டர்வியூவுக்கு மெயில் போட்டோம் மேடம். ரெண்டு தடவை. ரெண்டும் திரும்பி வந்துடுச்சு. வீட்டு நம்பருக்குப் போன் பண்ணோம், யாரும் எடுக்கலை."

பகலில் எங்கள் வீட்டில் போனை எடுக்க யார் இருக்கிறார்கள்? தாளில் நான் மனப்பாடமாக அறிந்த அதே வாசகம். பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது.

"இது சாரோட மெயிலா? நிறைய லெட்டர் வரும் போல சாருக்கு" என்றார் மரியாதையாக.

"ஆமா, ஒரே ஆள்தான் எழுதறார்" என்றாள் என் மனைவி. பிறகு, "இன்னும் அந்த இடம் இருக்கா மேடம்?" என்று கேட்டாள்.

"போன திங்கக்கிழமை வேற ஒருத்தங்க ஜாயின் பண்ணிட்டாங்க. அடுத்த வருஷம் சொல்றோம்."

வீட்டுக்கு நடக்கும்போது அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி, சண்டையாகி, பொழுது போயிருக்கும். பள்ளியிலிருந்து வீடு எட்டு நிமிஷம். இதை அவள்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் என்னைப் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனாள். முதலில் தனக்கென்று ஒரு முகவரி திறந்தாள். பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள். அடுத்து என் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது படிச்சாச்சா?"

"இல்லை."

"அழிங்க. இது?"

"இல்லை."

மதகும் எறும்பும் ரொட்டியும் போயின. முக்கால் மணி நேரம் இப்படியே. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது என் கையைத் தடுத்தாள். அதிக நேரம் நிற்பவர்களுக்குக் கால் வீங்குவது ஏன் என்று ஒரு டாக்டர் எழுதிய கட்டுரை. கால் நரம்புகளின் பெரிய வண்ணப் படங்கள் ஆறு. பெட்டியில் இருந்தவற்றில் அதுதான் அதிக எடை.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். படிச்சுச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

"எப்போ?"

அனுப்பிய தேதி திரையிலேயே இருந்தது. அவள் விண்ணப்பம் போடுவதற்கு ஐந்து மாதம் முன்பு.

அவள் அதைப் பிரின்ட் எடுக்கச் சொன்னாள். நான்கு பக்கம் வந்தது. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயந்திரம் அவள் வீட்டுக்குள் வந்ததும், படித்தாயா என்று கேட்டேன்.

"வண்டலூர்ல ஏறினதிலேருந்து படிச்சேன், முழுசா. நல்லா எழுதியிருக்கார். ஒரே இடத்துல நிக்கக் கூடாதாம்."

"உக்கார இடம் கிடைச்சுதா?"

"எங்க?" என்றபடி அவள் செருப்பைக் கழற்றினாள்.