பஸ்ஸில் ஒரு வெல்ஷ் குடும்பமும் என் மொட்டைத் தலையும்

போன ஞாயிறு, இங்கே இத்தாலியில், ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு மனிதரை நான் அவமதித்துவிட்டேன். சத்தியமாக, தெரியாமல்தான்!

கடலுக்குப் போய்க்கொண்டிருந்தோம் — நான், மனைவி, பதினொரு வயது மகள் மதுரா. மதுரா எங்களைத் தெரியாதவள் போல இரண்டு சீட் தள்ளி இருந்தாள். வெளியில் தமிழில் கதைக்க வெட்கமாம். மூன்று மாதமாக இதே கூத்து. நான் தமிழில் கேட்பேன், அவள் இத்தாலியனில் பதில் சொல்வாள். ஆட்களிடம் சிரித்துக்கொண்டுதான் இதைச் சொல்வேன். உள்ளுக்குள் நன்றாகவே வலித்தது.

மதுராவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். அப்பா, அம்மா, மதுரா வயதில் ஒரு சிறுமி. இத்தாலியன் இல்லை, ஆங்கிலமும் இல்லை... ஏதோ ஒரு மொழியில் பேசுவதும், எங்கள் பக்கம் பார்ப்பதும், சிரிப்பதுமாக இருந்தார்கள்.

"அந்தாளின்ரை காற்சட்டையைப் பாருங்கோ. எங்கடை வீட்டு யன்னல் சீலை மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. நாங்களும் சிரித்தோம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? அந்த அப்பாவிடம் "இங்கிலீஷ்?" என்று கேட்டுவிட்டேன். மனிதரின் முகம் தொங்கிப்போனது.

"நோ! வேல்ஸ்!"

இங்கே என்னைப் பார்த்து "இந்தியானோ?", இந்தியனா என்று கேட்கும்போது என் முகமும் இப்படித்தானே தொங்கும்!

என் ஆங்கிலம் அதோடு முடிந்தது. மீதியை மதுராதான் மொழிபெயர்த்தாள் — இத்தாலியனில்தான், வேறென்ன! அவர்கள் பேசியது வெல்ஷ். அதற்கு இரண்டு சகோதரி மொழிகளாம். பிரான்சின் மேற்குக் கரையில் பிரெட்டன், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கோர்னிஷ். இந்தக் கோர்னிஷ் ஒரு கட்டத்தில் பேச ஆளில்லாமலே போய்விட்டது. பிறகு சில பிடிவாதக்காரர்கள் பழைய எழுத்துகளைத் தோண்டிப் படித்து, மறுபடி பேசத் தொடங்கினார்களாம்.

பேச ஆளில்லாமல்... நான் மகளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவளாகவே அந்தச் சிறுமியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். அந்தச் சிறுமி மதுராவின் காதுக்குள் பதில் சொன்னாள். இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

"என்ன பிள்ளை கேட்டனீ?" என்றேன்.

மதுரா எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்தாள். பஸ் நிறைய ஆட்கள். அவ்வளவு பேருக்கும் நடுவில், தமிழில் சொன்னாள்:

"இங்கிலீஷ் தெரியுந்தானே, பிறகேன் வெளியிலை வெல்ஷ் கதைக்கிறியள் எண்டு கேட்டனான். அப்பதானே பஸ்ஸிலை இருக்கிற ஆக்களைப் பற்றிக் கதைக்கலாம் எண்டாள். அப்பா, அவை ஏறினதிலை இருந்து உங்கடை மொட்டையைப் பற்றித்தான் கதைச்சவையாம்!"

"மெய்யே?"

"ஓம். வெயில் பட்டு அவையின்ரை கண்ணுக்குள்ளை அடிக்குதாம்."

மனைவி சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பால் மட்டுமில்லை.

மதுரா அதோடு விட்டாளா? என் காதருகே குனிந்து, "முன்னாலை இருக்கிற சிஞ்ஞோரா அம்மாவின்ரை தொப்பியைப் பாருங்கோ... கோழிக் கூடு மாதிரி" என்றாள்.

பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வைக்கிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம், பரிசு கொடுக்கிறோம். பக்கத்துச் சீட்டைப் பற்றிக் கிசுகிசுக்கலாம் என்ற விஷயத்தை மட்டும் ஒருவருமே சொல்லிக் கொடுக்கவில்லையே!

தலைமுடி போனால் போகட்டும் — என் மகள் தமிழில் வம்பளக்கிறாள்!